வறண்ட ஆற்றின் வடகிழக்கு வீடு

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். வெயிலைத் தவிர இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடி ஏறக் கூடாது என்று நான் சொன்னதாகச் சொல். நீ சொன்னால் கேட்க மாட்டாள். உன் மனைவிக்கும் உன் மகள் வாலுக்கும் என் அன்பு. வாலுக்கு ஆடிக்கொண்டிருந்த பல் விழுந்ததா?

இந்த ரேடியோத் தொலைநோக்கி நிலையத்துக்கு வந்து மூன்று வருடமாகியும், வாசலில் போனைக் கொடுக்கும்போது கை ஒரு நொடி தயங்கத்தான் செய்கிறது. வானத்திலிருந்து வரும் சத்தம் அவ்வளவு மெல்லியதாம். ஒரு செல்போன் உயிரோடு இருந்தால் போதும், எல்லாம் கெட்டுவிடுமாம். அதனால் உலகத்தில் நடப்பது எனக்குத் தபால் வண்டி வரும் நாளில்தான் தெரிகிறது. போன வாரம் முழுக்க எலி கடித்த கேபிளுக்கு இணைப்புப் போட்டேன். நட்சத்திரத்துக்கும் எனக்கும் நடுவில் ஒரு எலி.

எழுத வந்ததை விட்டுவிட்டேன். இங்கே ஒரு இளம் வானியல்காரர் இருக்கிறார். சாப்பாட்டு மேசையில் பேச்சு எங்கெங்கோ போய், ‘கோட்டையும் கொடியும்’ கம்ப்யூட்டர் விளையாட்டுக்குப் புது மெருகு கொடுத்து, ரீமாஸ்டர் பண்ணி வெளியிட்டிருக்கிறார்கள் என்றார். நாம் சேர்ந்து ஆடிய விளையாட்டாயிற்றே! “அந்தக் கம்பெனியிலதான் என் தம்பி வேலை பாக்குறான். ஆடுறவங்க என்ன சொல்றாங்கன்னு படிச்சு அறிக்கை எழுதுறதே அவன் வேலைதான்” என்று பெருமை அடித்துக்கொண்டேன். நீ ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

ஜனங்கள் என்ன சொல்கிறார்கள்? நல்லதோ கெட்டதோ, நாலைந்து கருத்தையாவது எழுதி அனுப்பு. அந்தக் குதிரைகள் இன்னும் பாலத்தில் மாட்டிக்கொள்கின்றனவா?

உன் அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். பல் விழுந்துவிட்டது. விழுந்த பல்லை வாலு உனக்கு அனுப்பச் சொன்னாள். தபாலில் பல் அனுப்பக் கூடாது என்று சொல்லிச் சமாளித்தேன்.  மாடி ஏறவில்லை என்று உனக்கு எழுதச் சொல்லியிருக்கிறாள் அம்மா. ஏறாமல் இருப்பதும் எழுதச் சொல்வதும் ஒன்றில்லை என்பது உனக்குத் தெரியும்.

வெளியீட்டு நேரத்தில் தலைக்கு மேல் வேலை, அதனால்தான் சொல்ல விட்டுப்போனது. கருத்துகள் ஆயிரக்கணக்கில் வந்திருக்கின்றன. உனக்குப் பிடிக்கும் என்று பட்டதை எழுதுகிறேன்.

ஒருவர்: “கிராபிக்ஸ் கண்ணைப் பறிக்குது. ஆனா குதிரைங்க இன்னமும் பாலத்துல மாட்டிக்கிட்டு முழிக்குது. இருபது வருஷத்துல எனக்குப் புத்தி வந்துடுச்சு, அதுங்களுக்கு வரலை.”

இன்னொருவர்: “விறகுவெட்டியோட குரலை ஏன் மாத்தினீங்க? பழைய ஆள் ‘சரிங்க’ன்னு சொல்றதுல ஒரு அலுப்பு இருக்கும். புது ஆள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மாதிரி சொல்றான். நம்பிக்கையே வரலை.”

ஒரு பல் மருத்துவர்: “முன்னாடி நம்ம ஆள் சிவப்புப் புள்ளி, எதிரி நீலப் புள்ளி. இப்ப எல்லாரும் அழகா இருக்காங்க. யாரைக் கொல்றதுன்னு தெரியலை.”

ஒரே நாளில் இரண்டு பேர். புதிதாக ஒன்றுமே இல்லை என்று ஒருவர், எதற்காக எல்லாவற்றையும் மாற்றினீர்கள் என்று மற்றவர். இரண்டையும் அறிக்கையில் அடுத்தடுத்து வைத்தேன். மேலாளர் சிரித்தார்.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் தொப்பி போடு.

தம்பி


ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தானே? இங்கே மழை வருவதுபோல் போக்குக் காட்டிவிட்டுப் போய்விட்டது.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். விறகுவெட்டி பற்றி எழுதியவருக்கு என் சார்பில் கை கொடு. நாம் ஆடிய காலத்தில் அந்த “சரிங்க”வை அம்மா அடுப்படியிலிருந்தே சொல்லிக் காட்டுவாள். நான் கருக்கலில் எழுந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால், “கரிச்சான் கத்த ஆரம்பிச்சாச்சு” என்பாள். அந்தக் குருவியின் பெயரையே போய் விளையாட்டுக் கணக்குக்கு வைத்தோம். இருவருக்கும் சேர்த்து ஒரு கணக்கு, ஒரு பாஸ்வேர்டு.

ஒன்று கேட்க வேண்டும் என்று நினைத்தேன். ஆடுகிறவர்கள் தாங்களாகவே ஆறு, மலை, ஊர் என்று அமைத்துப் போட்ட மேப்புகள் அப்போது நிறைய இருந்தனவே, அவற்றைப் புது விளையாட்டில் ஆட முடிகிறதா? நான் போட்ட ‘வறண்ட ஆறு’ யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? இருக்காது. ஒரு கோடை முழுக்க அதைப் போட்டுக்கொண்டிருந்தேன். சும்மா கேட்டேன்.

அம்மாவிடம் நான் நம்பவில்லை என்று சொல்.

உன் அக்கா


மே 11

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. வாலுக்குக் காய்ச்சல், பிறகு எனக்கு, பிறகு அலுவலகத்தில் திருத்தப் பதிப்பு. அம்மா மட்டும்தான் வீட்டில் திடமாக இருந்தாள். எங்கள் இருவருக்கும் மருந்து கொடுக்க மாடிக்கு நாலு தடவை ஏறி இறங்கினாள்.

பழைய மேப்புகளில் சிலவற்றைச் சேர்த்திருக்கிறார்கள். நான் எல்லாவற்றையும் பார்க்கவில்லை.

கருத்துகளில் இப்போது கொஞ்சம் காரம் ஏறியிருக்கிறது. “பழைய வீட்டுக்கு வெள்ளை அடிச்சீங்க சரி, ஜன்னலை ஏன் அடைச்சீங்க?” என்று ஒருவர். எதிரி முன்னைவிட வேகமாக வருகிறான் என்று பலர் குறைப்படுகிறார்கள்.

அது இருக்கட்டும். உன் ‘வறண்ட ஆறு’ மேப்பில் வடகிழக்கு மூலையில், மலை மேல் ஒரு தனி வீடு இருந்ததே. பாதையும் கிடையாது, யாரும் போகவும் முடியாது. அதை எதற்காக வைத்தாய்? திடீரென்று ஞாபகம் வந்தது. முடிந்தால் சீக்கிரம் எழுது.

தம்பி


மே 20

அன்புள்ள தம்பிக்கு,

காய்ச்சல் விட்டதா? வாலுக்கு வெந்நீரே கொடு. உனக்கும்தான்.

பதின்மூன்று வருடத்தில் அந்த வீட்டைப் பற்றி ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. நீயும்கூட அப்போது கேட்கவில்லை. அதனால் விவரமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

எதிரிப் படையைக் கம்ப்யூட்டர் நடத்துகிறது இல்லையா, அதற்குக் கண் உண்டு, புத்தி கிடையாது. கண்ணில் படும் கட்டடங்களில் எது கிட்டத்தில் இருக்கிறதோ அதை இடிக்கக் கிளம்பிவிடும். போக வழி இருக்கிறதா என்று பார்க்காது. குதிரைகள் பாலத்தில் முழிப்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடித்தேன். அந்த மேப்பில் எதிரிக்கு மிகக் கிட்டத்தில் தெரிவது அந்த மலை வீடு. படை அதை நோக்கிப் போகும், வழி கிடைக்காது, மலையைச் சுற்றும், திரும்ப வரும். அதற்கு எட்டு நிமிடம் ஆகும். ஆடுகிறவர் வறண்ட ஆற்றைக் கடந்து கல் எடுத்துவந்து சுவர் எழுப்ப எட்டு நிமிடம்தான் வேண்டும். எத்தனையோ இடத்தில் வைத்துப் பார்த்து, கடைசியில் அந்த மூலையில்தான் கணக்குச் சரியாக வந்தது.

அந்த வீடு பல்லி அறுத்துப்போட்ட வால். எதிரி துடிக்கிற வாலைப் பார்த்துக்கொண்டு நிற்பான், பல்லி ஓடிவிடும்.

அதை எடுத்துவிட்டால் நாலாவது நிமிடத்திலேயே எதிரி கிராமத்துக்குள் வந்துவிடுவான். எந்தக் கொம்பனாலும் ஜெயிக்க முடியாது.

எழுதி முடித்து உன் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். சீக்கிரம் எழுதச் சொல்லியிருக்கிறாய். யாராவது கேட்டார்களா?

உன் அக்கா


ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். உன் விளக்கத்துக்கு நன்றி. ஆமாம், ஆடுகிற ஒருவர் கேட்டிருந்தார், சொல்லிவிட்டேன். வேலை நெருக்குகிறது, பிறகு விரிவாக எழுதுகிறேன். உனக்கு விடுப்பு எப்போது?

தம்பி


ஜூன் 17

தம்பிக்கு,

நலம். என்னிடமே தங்கிவிட்ட அம்மாவின் மருந்துச் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன்.

நேற்று மதியம் கட்டுப்பாட்டு அறையில் கேபிள் மாற்றப் போயிருந்தேன். வானியல்காரர் கூப்பிட்டு, “உங்க தம்பி எழுதினதுதானே இது, பாருங்க” என்று தன் கம்பி இணைப்புக் கம்ப்யூட்டரில் காட்டினார். திருத்தப் பதிப்போடு வந்த அறிவிப்பு. ‘வறண்ட ஆறு: படைத்தவர் பேசுகிறார்.’ உன் படம் இருந்தது. நீலச் சட்டை. கொஞ்சம் இளைத்திருக்கிறாய்.

“அந்த வீடு பல்லி அறுத்துப்போட்ட வால்.”

அதற்குக் கீழே முந்நூறு பேருக்கு மேல் எழுதியிருக்கிறார்கள். ஒருவர், “போட்டவருக்குத்தான் இதெல்லாம் தெரியும், மத்தவன் மண்டையில உதிக்காது” என்றிருக்கிறார். வானியல்காரர் அதை எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். “நீங்களும் கூட உக்காந்து ஆடியிருப்பீங்களே அக்கா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஆடுகிறவர்களின் கருத்தைத்தான் உன்னிடம் கேட்டேன். வெள்ளையடித்தது, விறகுவெட்டி, குதிரை எல்லாம் எழுதினாய். என் மேப்புக்கு வந்ததை மட்டும் எழுதவில்லை.

எப்போதிலிருந்து?

அக்கா


ஜூலை 1

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா நலம். மற்றவர்களும். இதற்கு முன் நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. இதைக் கிழிக்கக் கூடாது என்று அலுவலகத் தபால் பெட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆரம்பத்திலிருந்தே, அக்கா.

அப்பா நோயில் படுத்த பிறகு நீ கேபிள் பயிற்சிக்குப் போனாயே, அதற்கு மறுமாதம் நம் பொதுக் கணக்குக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ‘கரிச்சான் அவர்களுக்கு’ என்று. “உங்கள் வறண்ட ஆறு மேப்பை எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் ஆடிவிட்டோம். எங்களோடு வேலை செய்ய விருப்பம் இருந்தால் நேரில் வாருங்கள்.” அவ்வளவுதான் இருந்தது. அதை எனக்கு இன்றைக்கும் பார்க்காமல் சொல்ல வரும்.

உன்னிடம் சொல்லத்தான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய். கேபிள் உறை கிழித்து விரலில் தையல் போட்டதைச் சொல்லிச் சிரித்தாய். அன்றைக்குச் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு, அப்பாவின் மருந்துக்கு இனிக் கவலை இல்லை, வேலை நிரந்தரமாகிவிடும் என்றாய். அன்றைக்கும் சொல்லவில்லை. இப்போது சொன்னால் அவள் குழம்பிப் போவாள், கையில் இருப்பதை விடச் சொல்வது பாவம் என்று எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டேன். அது பொய். நீ விட்டுவிட்டு வந்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை. மூன்றாவது ஞாயிறுக்குள் நான் அவர்களுக்குப் பதில் எழுதிவிட்டேன்.

நேர்காணலுக்கு, நீ முதல் சம்பளத்தில் வாங்கி அனுப்பிய சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போனேன். உள்ளே நுழைந்ததும் ஒருவர் எழுந்து வந்து கை குலுக்கினார். “நீங்கதானா அந்தக் கரிச்சான்?” என்றார். “ஆமா” என்றேன். வேறு எந்தப் பொய்யும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த ஒரு “ஆமா”வே பதின்மூன்று வருடம் ஓடிவிட்டது.

அதன் பிறகு வேலையை நான்தான் கற்றுக்கொண்டேன், ஒழுங்காகத்தான் செய்கிறேன். ஆனால் நீ விடுப்பில் வந்து, “நம்ம விளையாட்டைப் போட்ட இடத்துலயே சேந்துட்டானே” என்று அக்கம்பக்கத்தில் சொல்லும்போதெல்லாம் கடைக்குப் போவதாகச் சொல்லி வெளியே போய்விடுவேன். நீ கவனித்திருக்க மாட்டாய்.

ரீமாஸ்டரில் ‘வறண்ட ஆறு’ சேர்ந்தபோது மூலையில் அந்த வீடு எதற்கு என்று கேட்டார்கள். “சும்மா அலங்காரத்துக்கு வெச்சது, எடுத்துடலாம்” என்றேன். எடுத்தார்கள். நாலாவது நிமிடத்தில் எல்லோரும் தோற்றார்கள். அதிகமாகப் புகழ்ந்ததும் அந்த மேப்பைத்தான், அதிகமாகத் திட்டியதும் அந்த மேப்பைத்தான். ஏன் உடைந்தது என்று போட்டவனைக் கேட்டார்கள். போட்டவனுக்குத் தெரியவில்லை. அதனால்தான் உன்னைக் கேட்டேன்.

உன் விளக்கத்தை என் வார்த்தையில் மாற்றி எழுத முயன்றேன். எதை மாற்றினாலும் மட்டமாக இருந்தது.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாயில்லை. கேட்டாய், சொல்லிவிட்டேன்.

தம்பி


ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் வரவில்லை. வர வேண்டும் என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. நீ நலமாக இருக்கிறாய் என்று அம்மாவுக்கு வந்த தபால் அட்டையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கடைசிவரை நிமிரவில்லை. “அவகிட்டச் சொல்லிட்டியா?” என்றாள். எழுதிவிட்டேன் என்றேன். “அவளுக்குச் சொன்னா போதுமா? அவ பேரை எங்க எடுத்தியோ அங்க போய் வையி” என்றாள். அன்றைக்குச் சாப்பாடு போட்டாள், பேசவில்லை. வாலு மட்டும், “பாட்டி ஏன் உன்னோட காய்?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மேலாளர் அறைக்குப் போனேன். அம்மாவைவிட நாலைந்து வயது சின்னவர். நான் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார்.

“பதிமூணு வருஷமாவா?”

“ஆமா மேடம்.”

“இப்ப ஏன் சொல்றீங்க?”

“அக்கா கேட்டுட்டாங்க.”

“அவங்க கேக்கலைன்னா?”

 அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உங்களை இங்க வெச்சுக்கலாமா வேண்டாமான்னு நான் மட்டும் முடிவு பண்ண முடியாது. ஆனா அந்தப் பேரை இன்னைக்கே மாத்தணும்” என்றார். மாற்றினார்கள். நான் வீட்டில் இருக்கிறேன். விசாரணை முடிய இன்னும் சில வாரம் ஆகும். உண்மையைச் சொல்லி அறிவிப்பு நான்தான் எழுதினேன். என் கையெழுத்தோடு போட்டார்கள்.

ஆடுகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று மார்ச்சில் கேட்டாய். இந்தத் தடவை எதையும் விடவில்லை. தனித்தாளில் எண்பத்தாறு கருத்து இருக்கிறது. திருடன் என்று எழுதியவை அதில் பாதி. ஒருவர், “கூடப் பிறந்தவளுக்குப் பேரைத் திருப்பிக் கொடுக்க ஒரு ரீமாஸ்டர் வேண்டியிருக்கு பாருங்க” என்றிருக்கிறார். இன்னொருவர், “கரிச்சான் பொம்பளையா? இத்தனை வருஷமா அவங்ககிட்டத்தான் தோத்துக்கிட்டு இருந்தேனா? சந்தோஷம்” என்றிருக்கிறார்.

கடைசியாக ஒன்று. ஒரு படகு ஓட்டுநர் உனக்கே எழுதியிருக்கிறார். “கரிச்சான் அம்மா, இந்த மேப்புக்கு ரெண்டாவது பாகம் வரும்னு அப்ப எழுதியிருந்தீங்க. ரொம்ப நாள் பாத்துக்கிட்டிருந்தேன். என்ன ஆச்சு? அதுல என்ன இருந்துச்சு?”

இரண்டாவது பாகம் என்று ஒன்று இருந்ததே எனக்குத் தெரியாது, அக்கா. அதற்கு யாரும் பதில் போடவில்லை. நீ சொல்லும்வரை போட வேண்டாம் என்று அலுவலகத்தில் நான் கேட்டுக்கொண்டேன்.

தம்பி


செப்டம்பர் 15

தம்பிக்கு,

நலம். இங்கே இரண்டு நாள் மழை பெய்தது. மூன்று இணைப்புப் பெட்டியில் தண்ணீர் இறங்கிவிட்டது.

எண்பத்தாறையும் படித்தேன். திருடன் என்பதைப் படிக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. கோபமாகவும் இல்லை. கேபிள் குழியில் இறங்கி வேலை செய்யும்போது, அந்த மூன்று ஞாயிற்றுக்கிழமையும் நான் என்ன பேசினேன் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். தையல் போட்டதைச் சொல்லிச் சிரித்தேன் என்கிறாய். எனக்கு அது ஞாபகமே இல்லை.

அக்டோபரில் எனக்கு விடுப்பு. அம்மாவை இங்கே பக்கத்து ஊர் விடுதிக்கு அழைத்துக்கொள்கிறேன். அவளைப் பஸ்ஸில் ஏற்றி விடு. நீ வர வேண்டாம்.

படகு ஓட்டுபவருக்கு இதைப் போடச் சொல்:

“ஐயா, வணக்கம். இரண்டாவது பாகத்தைப் பாதி வரை போட்டேன். பிறகு வேலைக்குப் போய்விட்டேன், நின்றுவிட்டது. அதில் எதிரி கிடையாது. முதல் பாகத்தில் நீங்கள் கட்டிய ஊர் அப்படியே இருக்கும். பத்தாவது நிமிடத்தில் ஆற்றில் தண்ணீர் வரும். கல் எடுக்கக் கிட்டத்தில் இருக்கிறதே என்று நிறையப் பேர் ஆற்றுப் படுகையிலேயே வீடு கட்டியிருப்பார்கள். யாரை முதலில் மேலே ஏற்றுவது, எதை விட்டுவிட்டு வருவது, அதுதான் ஆட்டம். எல்லோரையும் ஏற்ற முடிகிற மாதிரி அமைக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு வழி கிடைக்கவில்லை. இப்போது மறுபடியும் தாளில் வரைந்து பார்க்கிறேன். கேட்டதற்கு நன்றி.”

இதை அப்படியே போட வேண்டும். ஒரு எழுத்தையும் நீ திருத்தாதே.

உனக்கு எழுத வேண்டியது இன்னும் எழுத வரவில்லை. வந்தால் தனியாக எழுதுகிறேன்.

அக்கா